உங்க ரூம்ல எஞ்சின் ஓடுதுங்களா?

எங்கள் ஆரணியில் கரண்ட் போனால் யாரும் முதலில் மெழுகுவர்த்தியைத் தேடுவதில்லை. வாசலுக்கு வந்து, "உங்களுக்கு இருக்குதா?" என்று எதிர்வீட்டைக் கேட்போம். அங்கேயும் இல்லை என்றால் பாதி நிம்மதி. பட்டு முறுக்கும் பட்டறைகளின் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது என் தொழில். ஆனாலும் நானும் அதையே கேட்பவன்தான்.

இந்தப் பழக்கத்தை நடுக்கடலுக்கும் கொண்டுபோனேன். மகளைப் போர்ட் பிளேரில் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு வளைகாப்பு. தாய்வீட்டுப் புடவை கட்டித்தான் அவள் மணையில் உட்கார வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் சொல்லி நெய்த அரக்குப் புடவை தறியைவிட்டு இறங்கவே தாமதமாகிவிட்டது. விமானம் என்றால் மனைவிக்கு ஆகாது. சென்னையில் கப்பல் ஏறினோம். விசேஷத்தன்று விடிவதற்குள் கரை சேர்ந்துவிடலாம். நல்ல நேரம் பத்தரைக்கு.

மூன்றாம் நாள் பிற்பகல், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். இரண்டு நாளாக முதுகுக்குக் கீழே இருந்துகொண்டே இருந்த அதிர்வு சட்டென்று அடங்கியது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. ஆக, கரண்ட் இருக்கிறது, எஞ்சின்தான் இல்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு லுங்கியோடு ஓடி, எதிர் அறைக் கதவைத் தட்டினேன். ஒரு பெரியவர் பல் குத்தியபடி திறந்தார்.

"உங்க ரூம்ல எஞ்சின் ஓடுதுங்களா?"

அவர் ஜாக்கெட்டைப் பார்த்தார், லுங்கியைப் பார்த்தார். "எங்க ரூம்ல கட்டில்தாங்க கீது. எஞ்சின் கீழன்னு சொன்னாங்க."

பின்னாலேயே மனைவியின் குரல் வந்தது. "ஒரு ஜாக்கெட்ட மாட்டிகினு ஓடுறீங்களே, எனக்கு?"

ஜாக்கெட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு மேலே ஓடினேன்.

மேல்தளத்தில் எஞ்சின் அறை ஊழியர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ராயபுரத்துக்காரர். அவரிடம் போய் நின்றேன்.

"முழுகலாம் மாட்டோம் சார். ரெண்டு டீசல் எஞ்சின், ஆளுக்கொரு ப்ரொப்பெல்லர். எடது பக்கத்துல பம்ப்பு ஒண்ணு மக்கர். பாக்கறதுக்கு ரெண்டையும் கொஞ்ச நேரம் நிறுத்தினோம், இப்ப வலது மட்டும் ஓடுது. லைட்டு ஃபேனுக்குலாம் ஜெனரேட்டர் தனி."

கொஞ்சம் தொழில் புத்தி திரும்பியது. "ஒரு பக்கமே தள்ளுனா கப்பல் வட்டம் போட்டுகினு கெடக்காதா?"

"அதுக்குத்தான் சுக்கானைக் கொஞ்சம் திருப்பி வெச்சிகிறாங்க, நேராப் போவும். தண்ணியப் பின்னால தள்ளுது, நாம முன்னால போறோம். தள்ற ஆள்ல ஒருத்தன் லீவு, ஸ்பீடு கொறையும். அவ்ளோதான்."

"எப்ப சேருவோம்?"

"பம்ப்புக்கு ஸ்பேர் கரையிலதான் கீது. நாளைக்கு மத்தியானம் ஆயிடும். இன்னா ஜல்தி?"

வளைகாப்பைச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அறைக்குத் திரும்பி மனைவியிடம் சொன்னேன். கப்பல் மூழ்காது என்ற நல்ல செய்தியை அவள் காதிலேயே வாங்கவில்லை. புடவைப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நம்ம இல்லாமயே ஒக்கார வெச்சிடுவாங்க" என்றாள். போனில் சிக்னல் இல்லை. ஒற்றை எஞ்சினின் சத்தத்தைக் கேட்டபடி, இன்னும் எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணினேன்.

மறுநாள் பதினோரு மணி சுமாருக்கு, தூரத்தில் பச்சையாகக் கரை தெரிந்தபோதுதான் போன் உயிர் பெற்றது. மகள்தான் எடுத்தாள்.

"நேரம் போவுதுன்னு ஒக்கார வெச்சிட்டாங்கம்மா. அத்தை எடுத்த புடவையத்தான் கட்டினேன்." மனைவி மடியிலிருந்த புடவைப் பையைத் தடவிப் பார்த்தாள். "கை நெறைய போட வந்தாங்க. நான் விடல. முழங்கை பக்கம் எடம் விட்டு வெச்சிகிறேன். நீ வந்து போடு."

இரண்டு மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தோம். அரக்குப் புடவைக்கு மாறி மகள் மறுபடியும் மணையில் உட்கார்ந்தாள். வந்தவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டுப் போய்விட்டிருந்தார்கள். மீதிப் பேர் இலையை அப்படியே விட்டு எழுந்து வந்து இன்னொரு தரம் பாடினார்கள். மனைவி ஒவ்வொரு வளையலாக, அவசரமே இல்லாமல் போட்டாள்.