ஏறாமல் திரும்பிய நன்மைக்காக

போன மாதம் ஒரு திங்கள்கிழமை காலை. குலசேகரத்தில் எங்கள் டாக்டர் ஜெபமணியின் கிளினிக் வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் கூடி நின்றோம். கதவு பூட்டியிருந்தது. அதில் ஒரு காகிதம் — ‘டாக்டர் மூன்று வாரம் லீவு. அவசரத்துக்கு எதிர்த்த கிளினிக்கைப் பார்க்கவும்.’

எங்கே போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். இமயமலை!

டாக்டருக்கு இந்தக் கிறுக்கு இருபது வருஷமாக உண்டு. மற்ற நாட்களில் காலை ஏழுக்கு ஸ்டெதஸ்கோப்பை மாட்டினால் கடைசி ஆள் போகிறவரை கழற்ற மாட்டார். மலைமேல் பழங்குடியினரின் காணிக்குடியிருப்பில் யாருக்காவது முடியவில்லை என்றால் ஜீப் போகாத பாதையில் நடந்தே போவார். வருஷத்துக்கு மூன்று வாரம் மட்டும் கயிறு, கோடரி, முள் வைத்த பூட்ஸ் என்று கிளம்பிவிடுவார்.

இந்த முறை போனது ஒரே சிகரத்துக்கு மூன்றாம் தடவை. முதல் தடவை பனிப்புயல். இரண்டாம் தடவை காய்ச்சல். இப்போது வயது அறுபதை நெருங்குகிறது, வலது முட்டில் தேய்மானம் வேறு. “இதுதான் கடைசி சான்ஸ் சாரே. இனி முட்டு சம்மதிக்காது” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கும் சந்தோஷமா? பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நெஞ்சில் ஒரு கனம். கேஸ்தான் என்று நானே டாக்டராகி, ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு அந்த வாரத்துப் பத்திரிகைப் பத்தியை எழுத உட்கார்ந்துவிட்டேன். மனைவிதான் ஜெபமணியிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் இசிஜி எடுத்துப் பார்த்தார், தன் காரிலேயே ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றைக்கு இதை நீங்கள் படிப்பது அவரால். (திட்டுவதானால் அவரைத் திட்டுங்கள்.) அப்பேர்ப்பட்ட ஆள் பனியில் வழுக்கி விழுந்தால் என் நெஞ்சுக்கு யார் ஜவாப்?

வாசலில் நின்ற எல்லோருக்கும் இதே கவலைதான். ரப்பர் பால் வெட்டுகிற சரோஜினி, “மலைதான் வேணும்னா பேச்சிப்பாறையில போயி நின்னு பாத்தா போராதா? அங்க என்ன புதையலா கெடக்கு?” என்றாள். தேங்காப்பட்டணத்திலிருந்து சர்க்கரைக்கு மருந்து வாங்க வரும் அசனார் காக்கா, பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டாமா என்று வருத்தப்பட்டார். யாருடைய பெண்டாட்டி பிள்ளைகள் என்று சொல்லவில்லை.

மருந்து விற்கிறவன் செலவில் பாங்காக் போய் வருகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதுண்டா? சே, சே... அது கான்ஃபரன்ஸ்!

டாக்டர் என்றால் தெய்வம் என்போம். தெய்வத்துக்கு ஏது லீவு? ஆறாட்டு என்று ஆற்றில் குளிக்கப் போகிற சாமியைக்கூட நாம்தானே கொண்டுபோய், நாம்தானே திரும்பக் கொண்டுவந்து உட்கார வைக்கிறோம்!

எங்கள் ஜில்லாவில் மனக்குறை என்று வந்தால் நேர்ச்சை போட்டுவிடுவோம். வேண்டுதலுக்கு இங்கே அதுதான் பெயர். எல்லா மதத்துக்கும் பொது. சரோஜினி அம்மன் கோயிலில் வெடி வழிபாடு நேர்ந்தாள். அசனார் காக்கா தர்காவில் நெய்ச்சோறு. நான் எங்கள் சர்ச்சில் ஸ்தோத்திர காணிக்கை. மூன்று பேரின் கோரிக்கையும் ஒன்றே — டாக்டர் உச்சிக்குப் போகாமல் பாதியிலேயே பத்திரமாகத் திரும்ப வேண்டும். உச்சியைத் தொட்டுவிட்டால் அடுத்த மலையைத் தேடிப் போவாராம், தோற்றால் ஆசை விட்டுப்போகுமாம். இது சரோஜினியின் தியரி. படித்தவன் நானும் தலையாட்டினேன். மத நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் எங்களை வந்து பார்க்கலாம்.

கேட்டது கிடைத்தது. மூன்றாவது வாரம் மூக்குத்தோல் உரிந்து, கன்னம் கறுத்துப்போய் டாக்டர் வந்து நின்றார். உச்சி கண்ணெதிரே தெரிந்ததாம். இன்னும் இரண்டே மணி நேரம். அப்போது வழியில் வேறொரு குழுவைச் சேர்ந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மூச்சு முட்டி உட்கார்ந்திருந்தார். இருமினால் நுரை. டாக்டர் மேலே ஒரு தடவை பார்த்தார், அந்த ஆளை ஒரு தடவை பார்த்தார். கயிற்றில் கட்டிக் கீழே இறக்கிக் கொண்டுவந்துவிட்டார். வாத்தியார் பிழைத்தார். மறுநாள் வானம் மூடிக்கொண்டது, மறுபடி ஏற வழியில்லை.

அம்மன் கோயிலில் வெடி முழங்கியது. தர்கா நெய்ச்சோறு எனக்கும் ஒரு டப்பா வந்தது, நன்றாகவே இருந்தது. எங்கள் நேர்ச்சை பலிக்க ஒரு வாத்தியாருக்கு மூச்சு முட்ட வேண்டியிருந்ததே என்று எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

இனி நான் செய்த கூத்து. எங்கள் சர்ச்சில் காணிக்கைக் கவரின் மேல் காரணத்தை எழுதிப் போட வேண்டும். ஆராதனையில் வாசிப்பார்கள். பெயர் வேண்டாமென்றால் ‘ஒரு சகோதரர்’. போன ஞாயிற்றுக்கிழமை போதகர் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். பரீட்சையில் பாஸான நன்மைக்காக... சவுதிக்கு விசா கிடைத்த நன்மைக்காக... “டாக்டர் ஜெபமணி ஐயா சிகரத்தில் ஏறாமல் திரும்பிவந்த நன்மைக்காக, ஒரு சகோதரர்.”

வாசித்து முடித்த பிறகுதான் போதகரே திருதிருவென்று விழித்தார்.

மூன்றாவது பெஞ்சில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். வருவார் என்று தெரியாதா எனக்கு? தெரியும். கவரில் எழுதும்போது என் நெஞ்சு ஞாபகம் இருந்தது. அவருக்கும் காது உண்டு என்பது ஞாபகம் இல்லை.

வெளியே வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தார். என் எழுத்தின் லட்சணம் அவருக்குத் தெரியாதா? கோபப்பட்டிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“சாரே, நா மேல ஏறணும்னு யாராவது ஒருத்தரு நேந்தியளா?”

வாரா வாரம் வாய் கிழிய எழுதுகிறவன்... செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிரஷர் கூடியிருக்கும் போல, பிளட் எடுக்க வேண்டும், நாளைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வலது காலைச் சற்று இழுத்தபடி நடந்து போனார்.

அவமானத்தில் அன்று இரண்டு வாய்கூடச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலை ஆறு மணிக்கே கிளினிக் வாசலில் போய் நின்றேன் — முதல் டோக்கன் என்னுடையது!