தத்துவின் அரிப்பும் வரதராஜனின் வலதுகையும்

வரதராஜனுக்கு அறுபத்திரண்டு வயது. அதில் முப்பத்தாறு வருஷம் திருப்பதி ஊருக்குள் இருக்கிற ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் பிரசாதம் கொடுப்பதிலேயே போயிற்று. மலைக்குப் போகிற கூட்டம் அந்தக் கோயில் வாசலில் வழி கேட்பதற்கு மட்டும்தான் நிற்கும். வழி சொல்வதற்கு முன்பே அவர் ஒரு பிடி கையில் வைத்துவிடுவார். நீட்டிய கைக்கு இல்லையென்று சொன்னதே கிடையாது. கலெக்டர் கை, செருப்பைத் தொலைத்தவன் கை, இரண்டாவது தடவை வரிசையில் நிற்கிறவன் கை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, நெல்லிக்காய் அளவு. யார் கை என்று அவர் பார்ப்பதுகூட இல்லை. வாய் யாருடனோ பேசிக்கொண்டிருக்கும், வலதுகை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி வந்து உட்கார்ந்து முன்னங்காலைத் தூக்கியது. அதற்கும் ஒரு பிடி கிடைத்தது. அந்தக் கோயிலில் என்றைக்கும் தயிர்சாதம்தான், இந்தப் பக்கத்தில் தத்தோஜனம் என்பார்கள். குட்டிக்கு அதையே பெயராக வைத்து, கூப்பிட வசதியாகத் தத்து என்று சுருக்கினார். என்றைக்காவது கார் வாங்குவோம் என்று கட்டிய ஷெட்டில் அது குடியேறியது. மனைவி கமலவல்லி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, வாசற்படி தாண்டக்கூடாது. தத்து தாண்டவில்லை. வந்த மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை ஒழுங்கு இல்லை என்று கமலவல்லியே ஒருமுறை சொன்னாள்.

போன வருஷம் சித்திரையில் அரிப்பு தொடங்கியது. முதலில் காது. பிறகு நான்கு பாதங்களையும் நக்கி நக்கி வெள்ளை முடி துருப்பிடித்த நிறமானது. வயிற்றுத் தோல் கறுத்து, தடித்து, பழைய டயர்மாதிரி ஆனது. பின்னங்காலால் சொறிகிறபோது கால் ஷெட்டின் தகரக் கதவில் அடிக்கும். வரதராஜன் காலையில் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தால் அந்தத் தடதடப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். மந்திரத்தை எங்கே விட்டோம் என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

தெருவில் எல்லோரும் டாக்டர்களானார்கள். வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சள் பூசினார்கள், வெள்ளை நாய் ஒரு வாரம் கல்யாணப் பெண்ணைப் போல உலவியது. எதிர்வீட்டு கோபிகிருஷ்ணன், ரிட்டையரான பாங்க் மேனேஜர், வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலைத் தடவச் சொன்னார். தன் ஸ்கூட்டருக்கு அவர் பத்து வருஷமாக ஆயில் மாற்றியதில்லை.

கடைசியில் நாய் டாக்டர் சபீனாவிடம் போனார்கள். வேலூர்ப் பக்கத்துப் பெண், பொறுமைசாலி. தோலைச் சுரண்டிப் பார்த்தாள், காதுக்குள் பார்த்தாள். உண்ணி இல்லை, சொறிப்பூச்சி இல்லை. ஊசி போட்டால் பதினைந்து நாள் நன்றாக இருக்கும், பதினாறாம் நாள் தகரக் கதவு தடதடக்கும்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அவள் சொன்னாள். "சார், இது அலர்ஜியா இருக்கும்னு தோணுது. சாப்பாட்டுல ஏதோ ஒண்ணு ஒத்துக்கல. எட்டு வாரம் இது வாழ்க்கையிலயே துன்னாத ஒண்ண மட்டும் குடுத்துப் பாக்கணும். இதுவரைக்கும் எதெல்லாம் துன்னதில்ல?"

"எங்காத்துல துன்னாததுதான் ஜாஸ்தி, டாக்டரம்மா."

"மீன்?"

வரதராஜன் எழுந்து நின்றுவிட்டார். பிறகு உட்கார்ந்தார். மேஜைக்கு அடியில் தத்து தன் வாலின் அடியைக் கடித்துக்கொண்டிருந்தது. தரையில் இரண்டு சொட்டு ரத்தம் இருந்தது.

"எந்த மீன்மா?" என்றார்.

"எதுவா இருந்தாலும் சரி, ஒரே வகையா இருக்கட்டும். கூட சக்கரவள்ளிக் கிழங்கு. ரெண்டையும் வேகவெச்சு, உப்புகூடப் போடாம. வேற சாப்பாடு ஒண்ணும் கூடாது. பிஸ்கட், பாலு, ஒரு பருக்கை சோறு, ஒண்ணும் கூடாது. முடியுமா சார்?"

"முடியும்."

தெரிந்தவர் யார் கண்ணிலும் படக்கூடாது என்று மீன் வாங்க வாரத்துக்கு ஒருநாள் சித்தூருக்குப் பஸ் ஏறினார். தலைக்கு ஹெல்மெட், பஸ்ஸில் போகிறவருக்கு. அந்த முதல் நாள், கடையில் பக்கத்தில் நின்று வஞ்சிரம் விலை கேட்டுக்கொண்டிருந்தவர் ஜகந்நாதன். கோயிலில் தினமும் வரதராஜனோடு சேர்ந்து பாசுரம் சேவிக்கிறவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அன்றுமுதல் இருவருக்குள்ளும் மரியாதை கூடியது. ஜகந்நாதன் வீட்டில் நாய் கிடையாது.

ஷெட்டில் தனி அடுப்பு, தனி சட்டி, ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டி. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வரதராஜன் மீன் வேகவைப்பார். பிறகு கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வாசற்படி ஏறுவார். கமலவல்லி முதல் வாரம் பேசவில்லை. இரண்டாம் வாரம் பேசினாள்.

"ஏன்னா, மாதவி கார்த்திகையில பிரசவத்துக்கு வரா. அதுக்குள்ள இதுக்கு ஆறணும். ஆறலேன்னா பச்சைக் குழந்தை இருக்கற ஆத்துல இத வச்சுக்க முடியாது. சொல்லிட்டேன்."

"ஆறிடும்."

"மீன் வாசனையில எனக்கு வாந்தி வரது. பிரசவம் எனக்கா அவளுக்கான்னு தெரியல."

நான்கு வாரம், ஆறு வாரம், எட்டு வாரம். கிழங்கைக் கழுவுகிற தண்ணீரைக்கூட மாற்றினார். தெருப்பிள்ளைகள் பிஸ்கட் போட்டுவிடக் கூடாதென்று கதவில் அட்டை எழுதித் தொங்கவிட்டார். பிறந்ததிலிருந்து கட்டிக்காத்த ஆசாரத்தை ஒரு நாய்க்காகச் சட்டியில் போட்டு வேகவைத்தாயிற்று. ஆனாலும் தடதடப்பு நிற்கவில்லை. கழுத்தில் கட்டிய பிளாஸ்டிக் கூம்புக்குள்ளிருந்து தத்து அவரையே பார்க்கும். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சபீனா திரும்பத் திரும்பக் கேட்டாள். "வேற ஒண்ணும் குடுக்கலயே சார்?"

"ஒரு பருக்கை குடுக்கல."

"அப்ப தூசியோ, பூவோ, காத்தோ. அது லேசுல கண்டுபிடிக்க முடியாது சார். வாழ்நாள் பூரா மாத்திரை."

கார்த்திகை பிறந்தது. கோயிலுக்குத் துளசி கொண்டுவருகிற திருவேங்கடம், பாகாலா பக்கத்து மாந்தோப்புக்காரர், சங்கிலியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"அழாத சாமி. தோப்புல ஓடிக்கினு கெடக்கட்டும். போற உசுரு ஓடிக்கினே போவட்டும்."

ஆறுதல் சொல்வதில் திருவேங்கடம் கெட்டிக்காரர் அல்ல. துளசி கொண்டுவந்த கோணியைத் தத்துவுக்கு விரித்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

மாதவிக்குப் பெண் பிறந்தது. வீட்டில் தொட்டில் ஆடியது. ஷெட் காலியாக இருந்தது. வரதராஜன் சந்தியாவந்தனத்தை ஒரு தடங்கலும் இல்லாமல் முடித்தார். முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

தை மாதம் திருவேங்கடம் துளசிக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "உன் நாய்க்கு முடி மொளைச்சுக்கினு வருது சாமி. சொரியறதே இல்ல."

"என்ன மருந்து குடுத்தே?"

"மருந்தா? காலைல கேவுரு களி, சாயங்காலம் நாங்க துன்னு மிஞ்சுன கருவாடு. அவ்ளோதான்."

வரதராஜன் டாக்டருக்குப் போன் செய்தார். மகிழ்ச்சியோடுதான் செய்தார். மாந்தோப்புத் தூசியில் குணமாகிறது என்றால் திருப்பதித் தூசியில்தான் கோளாறு என்று அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

சபீனா ஒன்று கேட்டாள். "சார், உங்க வீட்ல அதுக்குத் தினமும் கெடச்சு, அங்க கெடைக்காதது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லியேம்மா. மீனும் கிழங்கும்தான். கோயில்லேர்ந்து வந்ததும் கையில பிரசாதம், அது தினப்படி வழக்கம்."

"என்ன பிரசாதம் சார்?"

"தத்தோஜனம்."

"தயிர்சாதமா? எட்டு வாரமுமா?"

"ஆறு வருஷமா."

"சார், நான் கேட்டேனே."

"நீங்க சாப்பாடு கேட்டேள்மா. அது பிரசாதம்னா."

அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியைச் சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. ஊரில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். ஏகாதசி விரதக்காரர்கள்கூட பிரசாதத்தைச் சாப்பாடாக எண்ணாத ஊர் அது. நாயின் வயிற்றுக்கு அது தெரியவில்லை.

தயிராகத்தான் இருக்க வேண்டும் என்றாள் சபீனா. பால், தயிர் படாமல் இருந்தால் போதும், நாயைத் திரும்ப அழைத்துவரலாம். மாதவி சென்னைக்குத் திரும்பியதும் கமலவல்லியும் சரியென்றாள். "உங்க கையக் கட்டிப் போட்டுக்கோங்கோ, அது போறும்."

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகாலாவுக்குப் போனார். வெறும் கையோடு யார் வீட்டுக்கும் போய்ப் பழக்கமில்லை. இலையில் கட்டிய பிரசாதம் எடுத்துக்கொண்டார், திருவேங்கடத்தின் குடும்பத்துக்காக.

தத்து தூரத்திலேயே கண்டுகொண்டது. முடி முளைத்து வெள்ளையாக இருந்தது. காதில் சிவப்பு இல்லை. அவர் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. வரதராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தைப் பிரித்தார். திருவேங்கடம் கை நீட்டினார், ஒரு பிடி. அவர் மனைவி பொன்னியம்மாள் முந்தானையால் கையை ஏந்தினாள், ஒரு பிடி.

"பஸ்ஸுல எடம் கெடச்சுதா சாமி?" என்று பொன்னியம்மாள் கேட்டாள்.

"சித்தூர் வண்டி காலியாத்தான் வந்தது" என்று வரதராஜன் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருவேங்கடம் அவர் கையையே பார்த்தார். "சாமி" என்றார்.

வரதராஜன் குனிந்து பார்த்தார். தத்து தூக்கிய முன்னங்காலைக் கீழே வைத்துவிட்டு, வாயை நக்கிக்கொண்டிருந்தது. அவருடைய விரலில் தயிர் ஒட்டியிருந்தது.

கொண்டுவந்த புதுச் சங்கிலியை அவர் பையிலிருந்து எடுத்துத் திருவேங்கடத்திடம் கொடுத்தார்.

"இத நீயே வச்சுக்கோ."

"ஒரு வாட்டிதானே சாமி. பழக்கிக்கலாம்."

"முப்பத்தாறு வருஷம் பழக்கினது இது" என்றார் வரதராஜன். வலதுகையை வேட்டியில் துடைத்தார், துடைத்தது போதவில்லை என்பதுபோல மறுபடியும் துடைத்தார்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தார். தோப்பு வாசலில் உட்கார்ந்திருந்த தத்து பின்னங்காலைத் தூக்கி ஒருதரம் காதைச் சொறிந்தது. எல்லா நாய்களும் சொறிகிற சாதாரணச் சொறியாகவும் இருக்கலாம். இரண்டாவது தடவை சொறிகிறதா என்று பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.