சிங்கம் கத்துவதைப் பார்க்கப் போன வருஷம்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லேத் மெஷினுக்கு அடியில் விழும் இரும்புச் சுருளைக் கூட்டி வைத்த மாதிரிதான் என் எழுத்து இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். தப்பு இருந்தால் நீங்களே சரியாகப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாமே என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. நான் பாதி சொல்வதற்குள் யாராவது வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். காகிதம் அப்படிச் செய்யாது.

எனக்கு ஜூ பைத்தியம். சிலருக்குச் சினிமா, சிலருக்குச் சீட்டு, எனக்கு இது. வண்டலூரில் ஜூ வந்த பிறகு, தாம்பரத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கொளப்பாக்கம் போகும் வழியில் ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டுக்குக் குடி வந்தேன். மறைமலை நகரில் இருக்கும் கம்பெனிக்குப் பக்கம் என்று வீட்டில் காரணம் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அந்த வீட்டில் படுத்திருந்தால் விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்கும். பெரிய இரும்புப் பீப்பாயைத் தார் ரோட்டில் உருட்டுவது போல ஆரம்பிக்கும். போகப் போக வலுக்கும். பிறகு ரம்பத்தால் மரம் அறுப்பது போலச் சின்னச் சின்னதாக இழுத்து நின்றுபோகும். அது சிங்கம் என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

"அது லாரிங்க. கேளம்பாக்கம் ரோட்ல மண்ணு லாரி ஏத்தத்துல ஏறுது."

"லாரி தினம் அதே நேரத்துலயா ஏறும்?"

"சிங்கம் மட்டும் தினம் அதே நேரத்துல கத்துமா? அதுக்கு இன்னா, உங்க கம்பெனி மாரி சங்கா ஊதுறாங்க?"

பதில் எனக்கு எப்போதும் மறுநாள்தான் வரும். அன்றைக்கு மனதுக்குள் ஒன்று முடிவு செய்தேன். அந்தச் சிங்கம் கத்துவதை ஒரு தடவை என் கண்ணால் பார்க்க வேண்டும். வாய் எப்படித் திறக்கிறது, சத்தம் உடம்பில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் பெரிதாக வைத்துக்கொள்ளாதவன் நான். இந்த ஒன்று போன வருஷம் முழுக்க என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

முதல் தொல்லை கிழமை. கரண்ட் போதவில்லை என்று எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வார லீவை ஆளுக்கு ஒரு கிழமையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு விழுந்தது செவ்வாய். ஜூவுக்கும் வார லீவு செவ்வாய்தான். நான் வீட்டில் இருக்கும் நாளில் ஜூ பூட்டியிருக்கும், ஜூ திறந்திருக்கும் நாளில் நான் மெஷின் முன்னால் நிற்பேன். நடந்து போகிற தூரத்தில் ஜூவை வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமைதோறும் வீட்டு வாசலில் உட்கார்ந்து மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மீதி இருந்தது பண்டிகை லீவுகள். பண்டிகை லீவில் ஜூவுக்குப் போவது என்றால் என்ன என்று போனவர்களுக்குத் தெரியும்.

போன காணும் பொங்கலுக்குச் செம்பாக்கத்திலிருந்து என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். நிலத்தை மனை போட்டு விற்றவர். அதனால் எதையும் காசு கொடுத்தவர் தோரணையில்தான் பார்ப்பார். கூட்டமோ சொல்ல முடியாது. ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் ஜனம். சிங்கத்துக்கு எதிரே கம்பியைப் பிடிக்க இடம் கிடைப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அகழிக்கு அந்தப் பக்கம், புதரடியில் சிங்கம் படுத்திருந்தது. வெளியே தெரிந்தது வால் மட்டும்.

"இன்னா மாப்ள, சிங்கம் காட்றன்னு இட்டுனு வந்து வாலக் காட்ற?"

"வெயில் நேரம் மச்சான். சாயந்திரம்தான்..."

"சாயந்திரம் வரிக்கும் இங்கயே நிக்கணுமா? கரும்பு சாறாவது விக்கிறானா பாரு!"

பக்கத்தில் ஒருவர் விசில் அடித்தார். இன்னொருவர் தாமே சிங்கம் போலக் கத்திக் காட்டினார். அதற்குக் கைதட்டல் வேறு. ஒரு பொடியன் சிங்கத்தைப் பார்த்துக் கரும்புத் துண்டை வீசினான். அது அகழித் தண்ணீரில் விழுந்தது. வால் ஒரு தடவை ஆடியது, அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பும் வரைக்கும் மச்சான் அந்த வாலைப் பற்றியே பேசினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவிலும் பேசினார். என் மனைவி சிரித்தாள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீட்டுக்குப் போகாமல் நேராக ஜூவுக்குப் போவது. கேட் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தால் வெயில் ஏறுவதற்குள் சிங்கத்திடம் போய்விடலாம். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் உடம்பில் இருந்தது கம்பெனி காக்கிச் சட்டை. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கேட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு குடும்பம் வழிமறித்தது. "அண்ணா, முதலை எந்தப் பக்கம்?" நான் கையைக் காட்டினேன். அடுத்து ஒரு பெரியவர், "தம்பி, பாத்ரூம் எங்கப்பா?" அதையும் காட்டினேன். நான் இங்கே வேலை செய்பவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாயைத் திறப்பதை விடக் கையைக் காட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. வெளியூர் பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் நான் கையைக் காட்டினதோடு விடவில்லை, கூடவே வரச் சொன்னது. நீர்யானை வரைக்கும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே எனக்கும் ஒரு நல்லது நடந்தது என்று சொல்ல வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து, கடை ஷட்டரைத் தூக்குவது போல நீர்யானை வாயைத் திறந்தது. உள்ளே ரோஜா நிறம். கூட்டம் "ஹோ" என்றது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். அன்றைக்குத் திறக்க வேண்டிய வாய் அது இல்லையே என்றுதான் எரிச்சலாக வந்தது.

ஒருவழியாகச் சிங்கத்துக்கு எதிரே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சிங்கம் பாறை மேல் படுத்து, கண் மூடாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. இதோ இப்போது, இதோ இப்போது என்று காத்திருந்தேன். இரவெல்லாம் மெஷின் முன்னால் நின்ற உடம்பு.

"டேய், இங்க பார்றா! சிங்கமும் தூங்குது, இவரும் தூங்குறாரு!"

விழித்துப் பார்த்தால் எதிரே ஒரு பள்ளிக்கூடமே நிற்கிறது. எல்லாப் பிள்ளைகளும் சிங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றார்கள். டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏன் சார், டியூட்டில இப்படித் தூங்கலாமா? பிள்ளைங்க என்ன கத்துக்கும்?"

"தப்புதான் மேடம்" என்றேன். எழுந்து, வேலை இருப்பவன் போல வேகமாக நடந்தேன். கேட்டுக்கு வெளியே வந்து ரோட்டைத் தாண்டின பிறகுதான் நான் எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று கோபம் வந்தது.

இதை வீட்டில் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அன்றிலிருந்து நான் பகலில் கண் அசந்தால் என் மனைவி, "டியூட்டி ஆரம்பிச்சிட்டாரு" என்பாள்.

ஆகஸ்ட் பதினைந்துக்குப் போனேன். சிங்கம் உள்ளே போய்விட்டிருந்தது. தீபாவளிக்கு மறுநாள் போனேன். நான் திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. சோப்புக் கையோடு நின்று கேட்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "லாரி!"

அதற்குப் பிறகுதான் அந்த மழை. விடாமல் பெய்து, கம்பெனி ஷெட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மெஷினை நிறுத்தி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்குப் புதன்கிழமை. வீட்டுக்கு வரும்போது மழை தூறலாகிவிட்டது. ஜூ திறந்திருக்கும், கூட்டம் இருக்காது, வெயிலும் இல்லை. நான் உட்காரக்கூட இல்லை.

"நானும் வரேன்" என்றாள் என் மனைவி. "இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துட்லாம். அது கத்தலன்னா இனிமே இந்த வூட்ல சிங்கம்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. செரியா?"

சரி என்றேன். எலுமிச்சம் சாதம் கட்டினாள். வீட்டைப் பூட்டிச் சாவியையும் அந்தப் பைக்குள்ளேயே போட்டாள். ஜூவில் எங்களைத் தவிர மனிதர்கள் இருந்த மாதிரியே இல்லை. மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பாறை மேல் சிங்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தது. அது நின்று நான் பார்த்ததே அதுதான் முதல் தடவை. கம்பியைப் பிடிப்பதற்காகப் பையைப் பெஞ்சில் வைத்தேன்.

வைத்ததும் குரங்கு வந்தது. ஜூவைச் சேர்ந்த குரங்கு இல்லை, வெளியில் சுற்றும் நாட்டுக் குரங்கு. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

"ஏங்க, சாவி! சாவி உள்ள கீது!"

ஓடினேன். வேறு என்ன செய்வது? குரங்கு ஒரு புளிய மரத்தில் ஏறி, பொட்டலத்தைப் பிரித்து, என்னைப் பார்த்துக்கொண்டே எலுமிச்சம் சாதம் தின்றது. பச்சை மிளகாயை மட்டும் எடுத்து எறிந்தது. நான் கீழே நின்று கெஞ்சினேன். அப்போது எனக்குப் பின்னால் அந்தப் பீப்பாய் உருள ஆரம்பித்தது.

வீட்டில் படுத்துக் கேட்பது வேறு. இங்கே அது காலுக்கு அடியில் நடுங்கியது. குரங்குகூடத் தின்பதை நிறுத்திவிட்டது. சாவி மேலே, சிங்கம் பின்னால். நான் சாவியை விட்டுவிட்டு ஓடினேன். பாதி வழியில் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேன். எழுந்து வளைவைத் தாண்டி வந்தபோது ரம்பச் சத்தமும் ஓய்ந்துவிட்டது. சிங்கம் முன்னங்கால் மேல் மோவாயை வைத்துப் படுத்துவிட்டிருந்தது. என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடை தரையில் கிடந்தது. தலை நனைந்துகொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை.

"இப்பத்தாங்க முடிச்சிது" என்றாள்.

எனக்கு அழுகை வந்த மாதிரி இருந்தது. வருஷம் முழுக்க நான் அலைந்தேன். லாரி என்று சொன்னவள் பார்த்துவிட்டாள். கேட் சாத்தும் விசில் வரைக்கும் நின்றோம். அது மறுபடி வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது புளிய மரத்தடியில், குட்டைத் தண்ணீரில், பையும் சாவியும் கிடந்தன. அந்தக் குரங்கு அதை முன்பே போட்டிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போது அவளாகவே சொன்னாள்.

"படத்துல காட்ற மாரி வாயத் தொறக்கலங்க. தலையைக் கீழ எறக்கிச்சி, தரையாண்ட. வயிறு அப்படியே ஒட்டிப்போச்சி. வயித்துலேர்ந்துதான் வருது. வாயிலேர்ந்து ஆவி ஆவியா வந்துச்சி. யாரையும் பாக்கல அது. என்னைக்கூடப் பாக்கல."

"அப்ப லாரி இல்ல?"

"சும்மா இருங்க."

இப்போது எங்கள் தெருக் குழாயடியில் அவள்தான் சிங்கம் தெரிந்தவள். நீர்யானையைப் பற்றிக்கூடச் சொல்கிறாளாம், நான் சொன்னதை வைத்து. இன்றைக்கு விடியற்காலையிலும் சத்தம் கேட்டது. இருட்டில் படுத்தபடியே, "தலைய எறக்கிடிச்சி. இப்ப வயிறு ஒட்டும்" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாறை, சொட்டும் மரம், தரையை ஒட்டின தலை, வாயிலிருந்து ஆவி, எல்லாம் தெரிந்தது. அவளுடைய சிங்கம்தான். இருந்தாலும் தெரிந்தது. பிறகு அந்தச் சிங்கமும் என்னுடையது இல்லையே என்று மறுபடி எரிச்சல் வந்தது.

மத்தியானம் செம்பாக்கத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நாளைக் காணும் பொங்கலுக்கு எல்லாரும் வருகிறார்களாம். மச்சானுக்கு இந்தத் தடவை வால் போதாதாம்.

"நான் காட்றேன் அண்ணனுக்கு" என்றாள் என் மனைவி. "நீங்க சாப்பாட்டுப் பையைப் புடிச்சிக்கினு ஓரமா உக்காருங்க. குரங்கு வந்தா பாத்துக்குங்க."

வழக்கமாக இதற்குப் பதில் எனக்கு மறுநாள்தான் வந்திருக்கும். இன்றைக்கு உடனே வந்தது.

"பையைப் புடிக்கிறேன். ஆனா சிங்கத்துக்கு எதிர்லதான் உக்காருவேன். அந்தண்ட இந்தண்ட எவன் கூப்ட்டாலும் வர மாட்டேன்."

அவள் சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எழுதியது: மாட்டுப் பொங்கல் சாயந்திரம், 15 ஜனவரி 1993.