வலிக்கவில்லை என்று சொன்ன வாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம், கருமத்தம்பட்டியில் பாரவண்டியின் மேலிருந்து நூல் மூட்டையோடு விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் வலது தொடை இடுப்போடு சேரும் இடம் இறுகிப்போய்விட்டது. குழித்தறி நெய்கிறவன் நான். குழிக்குள் கால் இறங்கி மிதியை அழுத்தாவிட்டால் தறி வெறும் மரம். வீட்டில் உலை ஏறாது.

கோயமுத்தூரில் மச்சினன் வீட்டில் தங்கி, பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வைத்தியரிடம் போனேன். என்னைவிட இளையவர். மருந்தைவிடத் தன் கையைத்தான் நம்பினார். வெதுவெதுப்பான எண்ணெய் தடவி, முழங்காலை மடக்கி, நெஞ்சை நோக்கி மெல்லத் தள்ளி, தொடையை இடுப்புக் கிண்ணத்துக்குள் வட்டமாகச் சுழற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் வலிக்கிறதா என்று கேட்பார்.

எனக்கோ கண்ணுக்குள் மின்னல். ஆனாலும் பாடுபடுகிற மனுசரிடம் எப்படிக் குறை சொல்வது? விருந்துக்குப் போன வீட்டில் உப்பு கரித்தாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஊர்க்காரன் நான். "இல்லீங்க, சொகமாத்தானுங்க இருக்குது" என்பேன். அவரும் நம்பி மறுநாள் இன்னும் கொஞ்சம் மடக்குவார். பத்தாம் நாள் இடுப்பு வீங்கி, ஊன்றி நிற்கவும் முடியவில்லை.

அன்று கூட வந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, இவரு இங்க சொகம்ங்கறாரு. ஊட்டுக்கு வந்து போடற சத்தத்துல பக்கத்து ஊட்டு எருமை கவுத்த அத்துப்போட்டு ஓடுதுங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

வைத்தியர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க வாயை நம்பித்தானே என் கை போகுது. நீங்க மரியாதை பார்த்தா, நான் உங்களை முடமாக்கிருவேனே."

குரல் நடுங்கியது.

வீக்கம் வடியும்வரை தொடவில்லை. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தமுறை என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். வாய் பொய் சொன்னாலும் விரல் சொல்லாதாம். என் பிடி இறுகிய கணமே நிறுத்துவார், அரை விரல் அளவு பின்வாங்குவார், காத்திருப்பார், மறுபடி தொடங்குவார். அவருக்கு அவசரமே கிடையாது. அவசரமெல்லாம் எனக்குத்தான்.

தை பிறப்பதற்குள் குழிக்குள் கால் இறங்கியது. மிதி அழுந்தி, ஊடுநூலைச் சுமந்து நாடா ஓடி, முதல் இழை அடிபட்ட சத்தம் கேட்டு என் மனைவி அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து நின்றாள்.

இப்போதும் யாராவது சௌக்கியமா என்று கேட்டால், ஒரு மூச்சு நேரம் நின்று எனக்குள்ளே தேடிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்கிறேன். நான் சொன்ன பொய்க்காக நடுங்கிய அந்த மனிதருக்கு என்னால் செய்ய முடிந்த நன்றி அவ்வளவுதான்.