இரண்டாம் வளைவின் வெளியோரம்

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. கிளப்பின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இதில் வருகிறவர்கள் இன்னும் அந்த ஸ்டேடியத்துக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மணியும் நிமிடமும் மட்டும் அங்கே பாதையைப் பராமரித்த இரெக் சொன்னபடியே. தண்ணீர் விட்டதையும் மண் புரட்டியதையும் பத்தொன்பது வருடமாக நிமிடக் கணக்கில் எழுதிவைத்துப் பழகிய மனிதர் அவர்.

போலந்தின் மேல் லீக்கில் ஆடிய 'நாரைகள்' அணியின் பந்தயப் பாதை இரெக்கின் பொறுப்பு. மண் பாதையில் ஓடும் ஸ்பீட்வே பந்தயம். பிரேக் இல்லாத பைக்குகள். நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் யார் விழுவார் என்பதில் பாதி மண்ணின் கையில் இருக்கிறது. மண் இரெக்கின் கையில்.

அந்த வருடம் முழுக்க அவர் கோபத்தோடு நடமாடினார். மே மாதம், சொந்த மைதானத்திலேயே, இரண்டாம் வளைவில் நோர்பெர்ட் விழுந்தான். நாரைகளின் முதல் வீரன். வேலியில் மோதி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. அதற்கு முந்தின நாள் வளைவின் வெளியோரத்தில் தண்ணீரை அளவுக்கு மீறி விடச் சொன்னவர் கிளப் தலைவர் ரடோம்ஸ்கி. வருகிற அணி இறுகிய பாதையில் ஓடிப் பழகியது, ஈர மண்ணில் தடுமாறட்டும் என்பது அவர் கணக்கு. விட்டவர் இரெக். விசாரணைத் தாளில் 'வீரரின் தவறு' என்று எழுதினார்கள். இரெக் கையெழுத்துப் போட்டார். நோர்பெர்ட்டும் மறுக்கவில்லை.

நோர்பெர்ட் இல்லாத அணி ஜூனில் தோற்றது. ஜூலையில் தோற்றது. ஆகஸ்டில் எட்டு அணிகளில் எட்டாவதாக நின்றது. செப்டம்பர் ஞாயிறு ஒன்றில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் லீக்கில் இருக்கலாம். தோற்றால் கீழே.

முந்தின நாள், சனிக்கிழமை மாலை 5.20. ரடோம்ஸ்கி சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார்.

"ரெண்டாவது வளைவு, வெளியோரம். நாலு டேங்க் விடு. காலையில ஆய்வாளர் வர்றப்ப மேல காஞ்சிருக்கணும், உள்ள ஊறியிருக்கணும்."

"மே மாசமும் இதைத்தான் சொன்னீங்க, தலைவரே."

"அது ஓட்டுனவன் தப்பு. நீயே கையெழுத்துப் போட்டிருக்க."

"போட்டேன். அந்தக் கைய வெட்டிப் போடணும்."

"நாளைக்கு ஜெயிச்சுட்டு வெட்டிக்க." உமியைப் பாதையிலேயே துப்பிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

5.45. இரெக் வெளிக்கதவைப் பூட்டினார். உள்ளே வேறு யாருமில்லை. ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் வந்து காலரிகளை ஒவ்வொன்றாக மறைத்தது. தண்ணீர் விடுவதற்கு முன்னால் மண்ணைச் சமப்படுத்த வேண்டும். டிராக்டரில் ஏறினார். வாய் தலைவரைத் திட்டிக்கொண்டே இருந்தது.

6.02. முதல் சுற்று. பாதை மேசை மாதிரி ஆனது.

6.07. இரண்டாவது சுற்று. இரண்டாம் வளைவில் ஒரு தடம் கிடந்தது.

ஒரே ஒரு பைக்கின் தடம். பின்சக்கரம் சறுக்கிய அகலமான கீறல். வளைவின் நடுவில் தொடங்கி, வெளியோரமாகப் போய், வேலியில் கட்டியிருந்த காற்றடைத்த மெத்தையில் முடிந்தது. அதற்கு முன்னால் எதுவுமில்லை. அந்த பைக் எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயே தொடங்கியிருந்தது.

இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தார். மண் சூடாக இருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். கோபம் இன்னும் ஏறியது. தடத்தை அழித்தார். ஒரு சுற்று போய் வந்தார்.

6.13. அதே இடத்தில் தடம்.

அழித்தார்.

6.18. மறுபடியும். இந்த முறை ஆழமாக.

ஒரு வாசனை வந்தது. எரிந்த விளக்கெண்ணெய். அந்தக் காலத்துப் பந்தய பைக்குகளில் ஊற்றுவார்கள். இந்த ஸ்டேடியத்தில் அதை யாரும் தொட்டு வருடக்கணக்காகிறது.

டிராக்டரை அணைத்தார்.

அமைதி.

பிறகு... பின்னால், பனிக்குள்... ஓர் இன்ஜின். மெதுவாகத் தொடங்கி, உச்சத்துக்கு ஏறியது.

வெளிக்கதவுச் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

சத்தம் நெருங்கியது. முதல் வளைவு... இரண்டாம் வளைவு...

எதுவும் தெரியவில்லை.

டப். டப். டப் டப் டப்...

டிராக்டர் கண்ணாடியில் மண் வந்து அறைந்தது. பின்சக்கரம் வாரியிறைத்த ஈர மண்.

இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவர் விடவில்லை.

6.31. நோர்பெர்ட்டுக்கு போன் போட்டார்.

"நோர்பெர்ட்... நீ... நல்லா இருக்கியா?"

"நான் செத்துட்டேனான்னு பாக்கப் போன் பண்ணியா? சாகல, இரெக். டிவி முன்னாடி உக்காந்து சூப் குடிச்சிட்டு இருக்கேன்."

இரெக் தடத்தைப் பற்றிச் சொன்னார். நோர்பெர்ட் கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தார். மறுமுனையில் டிவி சத்தம் நின்றது.

"உள்ளோரமா, வெளியோரமா?"

"வெளியோரம்."

"நாளைக்கும் தண்ணி விடச் சொன்னானா அந்த ஆளு?"

"ஆமா."

"விடாத." போனை வைத்துவிட்டான்.

இரெக் ஓடிவிடவில்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பனியைப் பார்த்துக் கத்தினார்: "நீ யாராயிருந்தாலும் சரி, தள்ளி நில்லு. என் வேலைய நான் பாக்குறேன்." உருளையை மாட்டி வளைவை இறுக்கினார். போகப்போகத் தரை சிமெண்ட் மாதிரி ஆனது. 7.50க்கு இறங்கினார். அதன்பிறகு தடம் வரவில்லை.

ஞாயிறு மதியம் ரடோம்ஸ்கி வளைவைக் காலால் உதைத்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"தண்ணி எங்கடா?"

"டேங்க்ல இருக்கு. குடிச்சிக்குங்க."

"தோத்தா உன்னால."

"சரி. என்னாலன்னே எழுதிக்குங்க. இந்தத் தடவ பொய் இருக்காது."

44–46. தோற்றார்கள். பதினைந்தாவது, அதாவது கடைசிப் பந்தயம்வரை இழுபறி, அதன் கடைசி வளைவில் போனது. காலரி முழுக்க விசிலும் வசவும். இரெக் சாவிக் கொத்தை ரடோம்ஸ்கியின் காலடியில் வீசிவிட்டு நடந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் ஆஸ்கெ அவரை வழிமறித்தான். வென்ற அணியின் டென்மார்க் வீரன். கடைசிப் பந்தயத்தை ஜெயித்தவன். முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"பாதை நல்லா இருந்துச்சு," என்றான், அரைகுறை போலிஷில். "கடைசி ரேஸ்ல எதுக்கு அஞ்சு பேரை விட்டீங்க?"

"நாலு பேருதான்."

"அஞ்சு. ரெண்டாவது வளைவு வெளியோரம் முழுக்க அவன்தான். நான் வெளிய போகப் போனா முன்னாடி வந்து நின்னான். நாலு சுத்தும்."

"ஹெல்மெட் என்ன கலர்?"

"கறுப்பு."

லீக்கில் சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் மட்டும்தான். இரெக் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து மேசையில் உட்கார்ந்து, லீக் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மே மாதம் போட்ட கையெழுத்து பொய், தலைவர் சொல்லி நான் தண்ணீர் விட்டேன், அதனால்தான் நோர்பெர்ட் விழுந்தான் என்று.

அக்டோபரில் நோர்பெர்ட் வீட்டுக்குப் போய்க் கடிதத்தின் நகலைக் கொடுத்தார். அவன் சக்கர நாற்காலியில் இருந்தபடியே படித்து, திருப்பிக் கொடுத்தான்.

"கோவம் தீந்துச்சா?"

"தீரல. உனக்கு?"

"எனக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் கோவம்தான். ஆனா அந்த ஈரம் எனக்குத் தெரியும், இரெக். அதனால நான் உள்ளோரமாத்தான் வந்தேன். திடீர்னு உள்பக்கம் ஒருத்தன் நுழைஞ்சான். மோதக் கூடாதேன்னு இடம் விட்டேன். வெளிய போயிட்டேன். விசாரணையில எதுவும் மறுக்காததுக்கு அதான் காரணம். என்னன்னு சொல்லியிருப்பேன்?"

"யாரு நுழைஞ்சது?"

"கறுப்பு ஹெல்மெட்."

அன்றே இருவரும் மே மாதப் பந்தயத்தின் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். நோர்பெர்ட் முதலாவதாக வருகிறான். மற்ற மூவரும் முப்பது மீட்டர் பின்னால். உள்ளோரம் காலி. வளைவின் நடுவில் அவன் ஒரு கணம் இடப்பக்கம், அந்த உள்ளோரத்தை, திரும்பிப் பார்க்கிறான்.

பிறகு, மெல்ல விலகி, வழிவிடுகிறான்.