இறங்கி நடக்கும் பாலம்

மடவளைக்குக் கொஞ்சம் முன்னால் நான் வந்த கண்டி பஸ் நிற்கிறது. எதிரே பழைய இரும்புப் பாலம். பாரம் தாங்காதென்று பயணிகளெல்லாம் இறங்கி நடக்க, பஸ் வெறுமையாகப் பின்னால் வருமாம். ஆற்றிலிருந்து எழும் பனிமூட்டத்தில் அக்கரை தெரியவில்லை. பலகைகளில் கால் வைப்பது மேகத்துக்குள் நடப்பதைப் போலிருக்கிறது.

பாலத்தின் நடுவில் ரிஸானா என்ற டீச்சர் எழுதும் கொப்பியும் பேனையுமாக நிற்கிறார். புதுப் பாலத்துக்காக இதை உடைக்கப் போகிறார்கள். உடைக்க வேண்டாமென்று கையெழுத்துச் சேர்க்கிறார்.

"நான் யாழ்ப்பாணம். என்ர கையெழுத்து செல்லுமோ?"

"இதுல நடந்து வந்தீங்க தானே, அது போதும்."

கையெழுத்துப் போடுகிறேன். பின்னால் ஒருவர், நடக்க முடியாத தாயை முதுகில் சுமந்து வருகிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

"புதுப் பாலம் வராட்டி நான் இப்படியே தூக்கிக்கிட்டுப் போறதா, டீச்சர்?"

"புதுசு வரத்தான் வேணும். அத பக்கத்துல கட்டட்டும், இத நடக்கிறவங்களுக்கு விட்டுடட்டும். அதத்தான் எழுதியிருக்கோம்."

டீச்சர் கொப்பியை அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். அவர் நின்று வாசிக்கிறார். பிறகு முதுகிலிருக்கும் தாயிடம் கேட்கிறார்.

"போவோமாம்மா?"

"கொஞ்சம் நில்லுப்பா. காத்து நல்லா இருக்கு."

அவருடைய இரண்டு கைகளும் தாயின் கால்களைத் தாங்கியிருக்கின்றன. அம்மாதான் கையை நீட்டிப் பேனையை வாங்குகிறார். மகனின் தோளில் கொப்பியை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதுகிறார். எழுதி முடியும்வரை மகன் அசையாமல் நிற்கிறார்.