புரோசஸர் பெரியவனுக்கு, மதர்போர்ட் சின்னவனுக்கு

கேம் விளையாடுகிற கம்பியூட்டர் பூட்டிக் கொடுக்கிற தொழிலில் ஸ்குரூ முறுக்குவது கால்வாசி வேலைதான். மிச்ச முக்கால்வாசி, வாங்க வருகிறவர்களுக்குள் சமாதானம் பேசுவது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள்.

நான் இரவெல்லாம் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து காய்கிற ட்ரையருக்கு முன்னால் நிற்கிறவன். பகலில் படுத்தால் தூக்கம் வராது. புரண்டு கிடந்து கண்டதையும் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இதையாவது செய்வோம் என்று வீடியோ பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் நான் யாருக்கும் பயப்படவும் வேண்டியதில்லை. என் கையால் பூட்டிய மெஷின் பழுது என்று திரும்பி வந்ததே கிடையாது. வந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பாவின் யூனியன்

பிரபுவும் சசியும் அண்ணன் தம்பி. முப்பதை ஒட்டிய வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெரியவன் டவுனில் த்ரீவீலர் ஓட்டுகிறான், சின்னவனுக்கு மரக்கறி லொறியில் வேலை. அப்பா இல்லை. அம்மா செல்லம்மா அக்கா கொழுந்து எடுக்கப் போகிறவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறை, ஒரு காம்பிரா, அதில் மூன்று பேர். ஒருவன் கேம் ஆடினால் மற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து “இடது பக்கம் ஒருத்தன் வாறான் பாரு” என்று வழி சொல்லுவான். அப்படி ஒற்றுமை.

மெஷின் தெரிவு செய்ய வந்த அன்றைக்குத்தான் முதல் சண்டை. பிரபுவுக்கு ஆகப் பெரிய புரோசஸர் வேண்டும். சசிக்கு நல்ல மதர்போர்ட் வேண்டும். புரோசஸரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், போர்ட் நிலைத்து நிற்கணும் என்பது அவன் கட்சி. நான் எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். முதலில் என்ன கேம் என்று பாருங்கள். அதற்குப் போதுமான புரோசஸரை எடுங்கள். பிறகு அது சரியாக உட்காருகிற போர்ட்டை எடுங்கள். பெரிய புரோசஸரை மலிவு போர்ட்டில் வைத்தால் கரண்டு கொடுக்க முடியாமல் போர்ட் திணறும். நடுத்தரப் புரோசஸரும் கொஞ்சம் உசத்தியான போர்ட்டும் என்று முடிவானது. மிச்சமிருந்தது புரோசஸர் சிவப்புப் பெட்டிக் கம்பனியா, நீலப் பெட்டிக் கம்பனியா என்ற கேள்வி. இரண்டிலும் உள்ள நல்லது கெட்டதை நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பிரபு சொன்னான்: “அண்ணே, எங்கப்பா சாகுற வரைக்கும் செவப்புக் கொடி யூனியன். நீலத்த வீட்டுக்குள்ள எடுத்தா அவரு ஆவி சும்மா விடாது.”

மஞ்சள் வெளிச்சம்

அந்த வாரமே வலப்பனையில் இருந்து ஒரு கடை முதலாளி வந்தார். மகனுக்கு மெஷின். புரோசஸர் எதுவானாலும் சரி, மதர்போர்ட்டில் லைட் எரிய வேண்டும் என்றார். லைட்டுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை, அந்தக் காசுக்கு மெமரியைக் கூட்டலாம் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “சாமி படத்துக்குப் பக்கத்துலதான் வைக்கப் போறோம் தம்பி, வெள்ளிக்கிழமைக்கு மட்டும் மஞ்சளா எரியுற மாதிரி பாத்துப் போடுங்க.”

நின்று போகிற வியாதி

ஒரு மாதம் கழித்து பிரபு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். சாயந்தரம் விளையாட உட்கார்ந்தால் அரை மணித்தியாலத்தில் பொட்டென்று நின்றுவிடுகிறதாம். திறந்து பார்த்தேன். காற்றாடியில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் பஞ்சு சுற்றிக் கிடந்தது. லயத்துத் தூசி என்று துடைத்துப் போட்டேன். இரண்டு நாள் என் வீட்டில் ஓடவிட்டேன். ஒரு தரம்கூட நிற்கவில்லை. சூடாகித்தான் நிற்குதோ என்று பிரபு கேட்டதற்கு, நுவரெலியாக் குளிரில் எந்தப் புரோசஸரும் சூட்டில் நிற்காது, நான் ராத்திரி முழுக்கச் சூட்டோடு நிற்கிறவன், எனக்குத் தெரியாதா என்று சிரித்து அனுப்பினேன்.

வீட்டுக்குப் போனதும் திரும்பவும் நின்றது. நீ எடுத்த போர்ட்தான் கோளாறு என்றான் அண்ணன். நீ எடுத்த புரோசஸர்தான் என்றான் தம்பி. அதிலிருந்து பேச்சு பழைய கதைகளுக்கெல்லாம் போய், பேச்சே நின்றது. பெரியவன் டவுனில் அறை பார்த்துவிட்டான். சின்னவன் கொழும்பில் வேலை கேட்டுவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெஷினைப் பாகம் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். புரோசஸர் பெரியவனுக்கு, மதர்போர்ட் சின்னவனுக்கு. ஒன்றில்லாமல் மற்றது வெறும் தகடு என்று சொல்லிப் பார்த்தேன். சசி என்னைப் பார்த்தே சொன்னான்: “அவருகிட்டச் சொல்லுங்கண்ணே, எல்லாம் பேசி முடிஞ்சிருச்சு, மவுஸ் மட்டும்தான் முடிவாகல, அத அம்மா எடுத்து வச்சிருக்காங்க.”

கம்பளி

பிரிப்பதற்கு நாள் குறித்து, ஃபேக்டரிக்குப் போகும் வழியில் அவர்கள் லயத்துக்குப் போனேன். ஆறு மணி இருக்கும், மூட்டம் இறங்கிவிட்டது. பிரிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தரம் ஓடவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். உள்ளே இடமில்லாததால் பெட்டியை முன்பக்கத்துத் திண்ணையான இஸ்தோப்பின் மூலையில் வைத்து, பலகையில் ஓட்டை போட்டு வயரை உள்ளே இழுத்திருந்தார்கள். நான் படியேறும்போது செல்லம்மா அக்கா குனிந்து நின்று அந்தப் பெட்டிக்குத் தன் பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தார். நான்கு பக்கமும் இழுத்து, கீழே செருகி. பிள்ளைக்குச் செய்கிற மாதிரி.

காற்றாடியில் சுற்றியிருந்த பழுப்புப் பஞ்சு என்னவென்று அப்போது புரிந்தது. எத்தனை நாளாக இப்படி என்று மெதுவாகக் கேட்டேன். அடுப்படிக்குப் போனால் எனக்குக் குளிராது தம்பி, இது பாவம் வெளியில கெடக்குது என்றார். பெட்டி நின்று உள்ளே பையன்கள் சத்தம் போடுவது கேட்டதும் ஓடிவந்து கம்பளியை எடுத்துவிடுவாராம், பையன்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று. குளிரில்தான் நிற்கிறது என்று நினைத்து மறுநாள் இரண்டாக மடித்துப் போர்த்தியிருக்கிறார். போர்த்துவதால் காற்று அடைபட்டுச் சூடாகித்தான் நிற்கிறது என்று விளக்கியதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இரண்டு பையன்களும் இரண்டு பைகளில் துணியை அடுக்கி வைத்திருந்தது திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான்தான்னு சொல்லிருங்க தம்பி, என்னை ஏசினாப் பரவால்ல, ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் மொகம் பாத்தாப் போதும்.”

பசை

சொல்லியிருக்கலாம். ஆனால் லயத்தில் ஒரு கதை ஒரு வீட்டோடு நிற்காது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் சிரிப்பார்கள், கொழுந்து எடுக்கிற மலையில் சிரிப்பார்கள், சாகும்வரை அவருக்குக் கம்பளிக்காரி என்று பெயர் நிற்கும். கம்பளியை அவர் கையில் கொடுத்து, இனி ஓடும்போது மூடவே கூடாது என்று சொல்லிவிட்டு, பெட்டியை நிறுத்தி உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். அதைத் திறந்து, புரோசஸர் மேலிருந்த காற்றாடியைக் கழற்றி, உற்றுப் பார்ப்பது போலப் பார்த்தேன். புரோசஸரின் சூட்டை மேலே கடத்துவதற்கு நடுவில் ஒரு பசை பூசுவோம். அதை நான் சரியாகப் பூசவில்லை, பிழை என்னுடையது, போர்ட்டும் நல்லது, புரோசஸரும் நல்லது என்றேன். முழுப் பொய்யும் இல்லை. கையில் கிடைத்த பஞ்சைத் துடைத்துப் போட்டுவிட்டு, குளிரில் சூடாகாது என்று பெருமை பேசியவன் நான்தானே.

புதுப் பசை பூசிப் பூட்டினேன். அரை மணித்தியாலம் போனது. முக்கால் மணித்தியாலம். நிற்கவில்லை. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சசி ஆடிக்கொண்டிருந்தான். திடீரென்று பிரபு வாயிலிருந்து வந்தது, “இடது பக்கம் ஒருத்தன் வாறான் பாருடா.” சசி திரும்பிச் சுட்டான். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். அரை மணித்தியாலத்துக்கு ஏச்சு. ஒருவன் நிறுத்திய இடத்தில் மற்றவன் பிடித்துக்கொண்டான். வாசலில் அக்கா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நான் கிளம்பும்போது பிரபு சொன்னான்: “நாங்க ஒருத்தன ஒருத்தன் ஏசினதெல்லாம் ஒங்களுக்குச் சேர வேண்டியது அண்ணே, இந்த ஒரு மாசமா அனாவசியமா இவன ஏசிட்டேன்.”

கந்தப்பளை பஸ்ஸில்

போன கிழமை பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். புரோசஸர் எது, போர்ட் எது என்று கேட்டான், சளைக்காமல் சொன்னேன். எல்லாம் திருப்தி என்று தலையாட்டிவிட்டு இறங்கும்போது கேட்டான்: “நீங்கதானே அந்தப் பசை பூசத் தெரியாத அண்ணன்?”

பொருத்தம் பார்த்து நான் எடுத்துக் கொடுத்த புரோசஸரும் மதர்போர்ட்டும் அந்த லயத்தில் இன்றைக்கும் ஒரே பெட்டிக்குள் ஒழுங்காக ஓடுகின்றன, ஓடாமல் நின்று போனது என் பெயர் மட்டும்தான்.